கோட்டுக்குள் இருந்தவர்

இன்று காலை படாளத்தில் எங்கள் தெருக்கோடி அட்டைக் குடோன் எரிந்தபோது அங்கே இருந்தவர்கள்: தீயணைப்பு வீரர்கள் நால்வர், பக்கத்து வீட்டு ஷாகிரா, நான்.

புகைக்குள்ளிருந்து வந்த ஒரு வீரர் முழு உடுப்போடு அப்படியே சாய்ந்தார். மூச்சு இல்லை. இருவரால் தண்ணீர்க் குழாயை விட முடியாது. மிச்சம் ஒருவர்தான்.

நான் சொம்புத் தண்ணீரோடு ஓடினேன்.

"வாயில ஊத்தாதக்கா! கோட்டு மேல அமுக்கினா நெஞ்சுக்கு எறங்காது. இன்னா பாத்துகினு கீறீங்க, ஆளுக்கொரு பக்கம் இழுங்க!" என்று கத்தினார் அந்த மிச்ச வீரர்.

முகமூடியையும் வார்களையும் அவர் அவிழ்க்க, நாங்கள் இழுத்தோம். முதுகுச் சிலிண்டரோடு கோட்டு கழன்று வந்தது. உடனே நெஞ்சை அமுக்கத் தொடங்கினார்.

"முருகா" என்றேன். "யா அல்லா" என்றாள் ஷாகிரா.

அவர் நிமிராமலே சொன்னார்: "கூப்புடுங்கக்கா, நல்லா கூப்புடுங்க. அப்டியே ஆம்புலன்ஸையும் கூப்புடுங்க."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கை நிற்கவில்லை. ஏற்றும்போது விழுந்தவரின் விரல் அசைந்தது என்கிறாள் ஷாகிரா. நான் பார்க்கவில்லை.

இரண்டு வீட்டிலும் இன்னும் உலை வைக்கவில்லை. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அந்த வீரர் கண் திறந்தாரா என்று கேட்டுச் சீக்கிரம் பதில் போடுங்கள்.