சூரியனைத் தாங்கிய முழங்கை

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'கை டீச்சர்' என்று பேர். பிள்ளைகள் வைத்தது. பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள். அவள் வகுப்பில் முதல் வருஷம் புத்தகமே கிடையாது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கை அசைவுதான். மழை என்றால் பத்து விரலும் மேலிருந்து பொடிப்பொடியாக இறங்கும். பசி என்றால் உள்ளங்கை வயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போடும். சூரியன் என்றால் வலது கை இடுப்பிலிருந்து புறப்பட்டுத் தலைக்கு மேலே போய், உச்சியில் ஐந்து விரலும் விரியும். அப்போது 'லெ சொலேய்' என்று இழுத்துப் பாடவேண்டும். அசைவுகள் சேர்ந்தால் பாட்டு, பாட்டுகள் சேர்ந்தால் நாடகம். படிக்கிறோம் என்று தெரியாமலே பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

இந்த வழியை அவளுக்கு எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு, பிரெஞ்சு பேசுகிற ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனாள். அந்த வீட்டு அம்மாவுக்கு இவள் பேச்சு தெரியாது, இவளுக்கு அந்த அம்மா பேச்சு தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட நெற்றியைத் தொட்டு, சூடு பட்டதுபோல் கையை உதறித்தான் சொல்லவேண்டும். ஆறு மாதம் இரண்டு பேரும் ஆடிய ஊமை நாடகத்தில் மொழி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பரீட்சை, சான்றிதழ், வேலை எல்லாம் அதற்கப்புறம். கடவுள் வழிகாட்ட நினைத்தால் யார் வீட்டுக் கதவையாவது திறந்துவைப்பார்.

வேலையில் சேர்ந்தபோதே தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்.

"நீங்க ஆடிப்பாடிச் சொல்லித்தர்ற வரைக்கும் வகுப்பு உங்களுது. அது முடியலன்னா இலக்கண சார் புத்தகத்தோட வந்துடுவார்."

பெரிய வகுப்புகளுக்குப் பிரெஞ்சு இலக்கணம் எடுக்கிற அந்த சார் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வகுப்பில் நாற்காலிகூட மூச்சுவிடாது.

மூன்றாம் வருஷம் பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. காலையில் தலைவாரக் கையைத் தூக்கினாள், கை காதோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து தலைவாரிவிடுவது நாத்தனார்தான். துணி தேய்க்கும் கடை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சீப்பால் இழுப்பாள்.

"ஆடாதீங்க அண்ணி. முப்பத்திரண்டு பிள்ளைங்களை ஆட்டி வைக்கிறீங்க, ஒரு நிமிஷம் சும்மா உக்கார முடியலியா?"

"மெதுவா இழும்மா, உயிர் போகுது."

"போகாது, போகாது. அப்புறம் நான் யாரோட சண்டை போடறது? டாக்டர்கிட்ட போங்கன்னா கேக்கறீங்களா?"

"கையை ஆட்டாம வைன்னு சொல்வார். ஆட்டலன்னா வகுப்பு போச்சு."

"அப்ப வாயால சொல்லிக்குடுங்க. எங்க அண்ணனுக்கு எல்லாம் வாயாலதானே சொல்றீங்க?"

"உங்க அண்ணனுக்கு எங்க புரியுது?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்தாலும் தோள் வலித்தது.

வகுப்பில் அவள் யாருக்கும் தெரியாமல் சமாளித்தாள். சூரியன் வரும் இடத்தில் இடது உள்ளங்கையை வலது முழங்கைக்கு அடியில் கொடுத்து, கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்குவாள். கை காதுவரை போகும். அங்கேயே விரல்களை விரித்துவிட்டு, கையை இறக்கித் தோளை இரண்டு தடவை நீவிக்கொள்வாள். தினமும் வாசற்படி இறங்கும்போது, "கடவுளே, சூரியன் வர்ற வரைக்கும் என் கையைத் தாங்கு" என்று மட்டும் வேண்டிக்கொள்வாள். வேறு எதையும் கேட்டு அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

ஐந்து மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை தலைமை ஆசிரியை வகுப்பைப் பார்வையிட வந்தார். பார்வையிடும் நாளில் பிள்ளைகள் முன்னால் நின்று நாடகம் போடுவார்கள், டீச்சர் கடைசி பெஞ்சில் உட்காரவேண்டும். அன்றுதான் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி பிள்ளைகளைப் பார்த்தாள்.

'ஒரு காலைப்பொழுது' என்பது நாடகம். சேவல் கூவியது. ஒருத்தி கொட்டாவி விட்டாள். அடுத்தது சூரியன்.

முப்பத்திரண்டு இடது கைகள் முப்பத்திரண்டு வலது முழங்கைகளின் அடியில் போயின. எல்லாக் கண்களும் இறுக மூடின. எல்லா உதடுகளும் பல்லுக்குள் போயின. எல்லாக் கைகளும் காதுவரை ஏறி நின்றதும் உதடுகள் திறந்து, 'லெ சொலேய்' என்று அழகாகப் பாடின. பிறகு கைகள் இறங்கித் தோளை இரண்டு தடவை நீவின.

அந்தப் பிள்ளைகள் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள். வேறு சூரியனை அவர்கள் பார்த்ததே இல்லை.

தலைமை ஆசிரியை முதலில் சிரித்தார்.

"ஏம்மா, சூரியன் வர்றதுக்கு இவ்வளவு கஷ்டமா?"

"ஆமா மிஸ்," என்றாள் முன்வரிசைக்காரி. "அது கனமா இருக்கும். கீழ பிடிச்சுக்கணும்."

"கடைசியில தேச்சுவிடணும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் திருத்தியது.

தலைமை ஆசிரியையின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் திரும்பினார்.

"டீச்சர், கையைத் தூக்குங்க."

தூக்கினாள். காதோடு நின்றது.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம் ஆச்சு."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"வகுப்பு போயிடுமேன்னு..."

 தலைமை ஆசிரியை நேர அட்டவணையை எடுத்து அங்கேயே கோடு கிழித்தார். "வாரத்துல மூணு நாள் இலக்கண சார் எடுக்கட்டும். அந்த மூணு நாளும் நீங்க வைத்தியத்துக்குப் போங்க. ரெண்டு நாள் உங்க வகுப்பு, உக்காந்துக்கிட்டே பாடுங்க. வருஷக் கடைசியில யாருக்குன்னு முடிவு பண்ணலாம்."

இலக்கண சார் புத்தகத்தோடு வந்தார். சூரியனுக்கு என்ன சொல் என்று கேட்டார். வகுப்பு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி கேட்டார். "கை எங்க சார்?" என்றார்கள்.

மூன்றாவது வாரம், மருத்துவமனையிலிருந்து சீக்கிரம் திரும்பிய டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இலக்கண சார் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு, முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

மணியடித்து வெளியே வந்தவரிடம், "சார், கண்ணையும் மூடணும்," என்றாள்.

"அதையும் சொல்லிட்டாங்கம்மா. இதைச் செய்யலன்னா ஒரு வாண்டும் வாயைத் திறக்க மாட்டேங்குது. சீக்கிரம் குணமாகி வந்து சேருங்க. சூரியனை முடிச்சாச்சு, நாளைக்குத் தவளையாம். எனக்கு முட்டி தாங்காது." தலைமை ஆசிரியையிடமும் அதையே சொல்லி, டீச்சருக்குக் குணமானதும் வகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

நாலு மாதத்தில், கடவுள் கிருபை, தோள் விட்டுக்கொடுத்தது. ஒருநாள் காலை அவளே தலைவாரிக்கொண்டாள். "இனிமே எனக்கு இந்த வீட்ல என்ன மரியாதை?" என்று நாத்தனார் சீப்பைப் பிடுங்கப் பார்த்தாள்.

அன்று வகுப்பில் அவள் நடுவில் நின்று, வலது கையை வீசி, தலைக்கு மேலே உச்சியில் ஐந்து விரலையும் விரித்து, 'லெ சொலேய்' என்று பாடினாள்.

பிள்ளைகள் யாரும் பாடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மிஸ், தப்பு," என்றாள் முன்வரிசைக்காரி.

டீச்சர் கையை இறக்கினாள். இடது உள்ளங்கையை முழங்கைக்கு அடியில் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.