ஒற்றுமைக்காக ஒரு தலைவர்

சங்கத்தை உடைத்தவள் என்று என் அக்கா இரஞ்சிதத்தைச் சிட்னித் தமிழர் சிலர் இன்னும் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடைத்தது யாரென்று நான் சொல்கிறேன்.

1977இல் அக்கா பரமட்டாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தாள். 1860ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி வீட்டிலும் ஓயாமல் பேசுவாள். அடிமை முறையைக் காக்க வேண்டும் என்று தெற்கத்தியரும், புதுப் பிரதேசத்தார் தாங்களே தீர்மானிக்கட்டும் என்று வடக்கத்தியரும் முறுக்கிக்கொண்டதில் ஜனநாயகக் கட்சி இரண்டாகியது. அடிமை முறை இனிப் பரவக்கூடாது என்ற லிங்கனின் கட்சி வென்றது. ஆனால் அக்காவின் கோபமெல்லாம் நாலாவது கட்சிமேல்தான். நாட்டின் ஒற்றுமை என்று முழங்கிவிட்டு, அடிமைகளைப் பற்றி மூச்சே விடாத கட்சி அது.

"வாயைப் பொத்திக்கொண்டு நல்லவங்களா நடிக்கிறாங்கள்," என்பாள். அத்தான் மகேந்திரராஜா, "ஓம், ஓம்," என்று தலையாட்டுவார்.

அந்த வருடம் தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தல் ஹோம்புஷில் எங்கள் ஃபிளாட்டில் நடந்தது. ரயில்வே எஞ்சினியர் வரதராஜாவை முன்மொழிய அக்கா முடிவு செய்திருந்தாள். சங்கத்துக்காக அவரைப்போல் ஓடியாடியவர் எவருமில்லை. ஆனால் ஊரில் அவருடைய ஆட்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள்.

அக்கா கடைக்குப் போய் வருவதற்குள் அத்தான் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டார். எல்லார் கையிலும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. வரதராஜாவின் கையில் மட்டும் கடதாசிக் கோப்பை. அலமாரியில் பீங்கான் கோப்பைகள் சும்மா கிடந்தன. கடல் தாண்டி வந்தும் இந்தக் கேடுகெட்ட புத்தியை விடவில்லையே!

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வரதராஜாவின் பெயரைச் சொன்னாள்.

"அவரின்ரை ஆக்கள் ஆரெண்டு தெரியாதே, ரீச்சர்?" என்று ஒருவர் முனகினார். அக்காவுக்காக இரண்டு பேர் எழுந்தார்கள். சத்தம் கூடியது. உடனே பொருளாளர் இந்திரகுமார் கையை உயர்த்தினார்.

"சாதியைப் பற்றி ஒருத்தரும் கதைக்க வேண்டாம். எங்களுக்கு ஒற்றுமைதான் முக்கியம். பொதுவா மகேந்திரராஜா இருக்கட்டும்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். அவர் மறுப்பார் என்றே நம்பினாள்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "ஒற்றுமைக்காக எண்டால், ஓம்."

"உங்களுக்கு வெக்கமில்லையே?" என்று அக்கா கத்தியது கீழ்வீடுவரை கேட்டிருக்கும். வாக்கெடுப்பில் அவளுடைய கை வரதராஜாவுக்கே உயர்ந்தது. வென்றது அத்தான்.

அக்காவும் அந்த இரண்டு பேரும் அன்றே விலகினார்கள். அடுத்த ஞாயிறு, புதுச் சங்கம் தொடங்க வரதராஜாவின் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி யோகா குசினி வாசலில் தயங்கி நின்றாள்.

"ரீச்சர், எங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடிப்பியளோ? இல்லாட்டில், கடையிலை சோடா வாங்கி வச்சிருக்கிறன். மூடி திறக்கேல்லை."

அக்காவின் முகம் சிவந்துபோயிற்று.

"சோடாவைப் பிள்ளையளுக்குக் குடுங்கோ. எனக்குச் சீனி கூடப்போட்டுத் தேத்தண்ணி ஊத்துங்கோ."