தலைமாட்டில் கட்டிய தோணி

எங்கள் வீட்டு மீன் சட்டியை அம்மா கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றியது, அக்காவுக்குக் கல்யாணம் ஆன மறுநாள். கல்யாணம் என்றால் எங்களைக் கூப்பிடாத கல்யாணம். கடலூரில் செல்போன் கடை வைத்திருந்தவரை, மாதா கோயிலில், நாலு சிநேகிதிகள் சாட்சியாக அக்கா கட்டிக்கொண்டாள். "இனிமே அவ இந்த வாசப்படி ஏறக் கூடாது. அவன்கூட எனக்கு ஒரு வார்த்தை கெடையாது" என்று அப்பா சொன்னார். அம்மா அழவில்லை. "என் பொண்ணு ஏறாத படியில மீனும் ஏறாது" என்று சொல்லிவிட்டு நாற்காலி போட்டுப் பரணில் சட்டியை வைத்தாள்.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும். அவர் வீராணம் ஏரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். சிதம்பரத்துக்கு வந்து சிமெண்ட் கடையில் மேனேஜர் ஆன பிறகும், ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டிலோடு காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறிவிடுவார். மீன் இல்லாத சோற்றைத் தட்டில் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ரசம் ஊற்றிக்கொண்டு எழுந்துபோவார். ஆனால் ஒரு நாளாவது "சட்டிய எறக்கு" என்று சொன்னாரா? கிடையாது. அவர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். விட்டுக்கொடுக்கிற ரத்தம் எங்கள் வீட்டில் யாருக்கும் ஓடவில்லை.

இதற்குள் அக்காவுக்கு ஏழாம் மாதம் வந்துவிட்டது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அதற்குப் பெண்ணின் அப்பா போய், மாப்பிள்ளையிடம் வாய் திறந்து, "பொண்ண அழைச்சிக்கிட்டுப் போறோம்" என்று கேட்க வேண்டும். அம்மா கேட்டால் செல்லாது, தாய்மாமன் கேட்டாலும் செல்லாது. பேசவே மாட்டேன் என்பவர் எப்படிக் கேட்பார்? அம்மா அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்தார். மினி லாரி ஓட்டுபவர். உலகத்தில் எந்தச் சண்டையையும் ஒரு ராத்திரிக்கு மேல் விடக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் பெண்டாட்டியோடு போட்ட சண்டைகளை இதில் சேர்க்கக் கூடாது.

"மச்சான், கிள்ளை அலையாத்திக் காட்டுப் பக்கம் ஒருத்தரு தோணி தர்றேன்றாரு. சனிக்கெழம சாயங்காலம் போனா ஞாயித்துக்கெழம வந்துடலாம். கொடுவா மீனு கெடக்குதாம், ஒவ்வொண்ணும் இத்தத் தண்டி" என்று முழங்கையைக் காட்டினார்.

அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். வீட்டில் ஆக்கித்தர மாட்டார்கள், காட்டில் ஆக்கித் தின்ன யார் தடுப்பது? உடனே தூண்டில் பெட்டியைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். என்னையும் கூட அனுப்பியது அம்மா. நான் அப்போது நாலாம் வகுப்பு. "சின்னப்புள்ள கூட இருந்தா பாதி வழியில எறங்கி வர மாட்டாரு" என்று அவள் மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எதற்காக இறங்கி வர வேண்டும் என்றுதான் விளங்கவில்லை.

கரைக்குப் போனதும் விளங்கியது. சுரபுன்னை மர நிழலில் தோணி நின்றது. அதில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், நீலச் சட்டை, மடியில் இறால் டப்பா. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். தோணி ஆடியது, மறுபடியும் உட்கார்ந்தார். அக்காவின் கணவரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்பா மாமாவைப் பார்த்த பார்வையில் சிமெண்டே இறுகிப் போயிருக்கும். மாமா வானத்தைப் பார்த்து, "வெயிலு ஜாஸ்திதான், இல்ல மச்சான்?" என்றார். எங்களைக் கொண்டுவந்து விட்ட வண்டி போய்விட்டிருந்தது. அப்பா வந்த பாதையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கித் தோணியில் வைத்துவிட்டுத் தானும் ஏறி, அந்த நீலச் சட்டைக்காரருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தோணியில் அதற்கு மேல் விலகி உட்கார வேண்டுமானால் தண்ணீரில்தான் உட்கார வேண்டும்.

நான் அவரை "அண்ணே" என்றேன். மாமா என் தலையில் தட்டி, "அண்ணே இல்லடி, மாமான்னு கூப்புடு" என்றார். ஏற்கெனவே ஒரு மாமா இருந்ததால் இவரைக் கடலூர் மாமா ஆக்கினேன்.

சுற்றுலாப் படகுகள் வராத வாய்க்கால்களுக்குள் போனோம். இரண்டு பக்கமும் மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் ஊன்றி நின்றன. அப்பா வீராணத்துப் பழக்கத்தில் மண்புழு கொண்டுவந்திருந்தார். அதற்கு முள் கெளுத்தியைத் தவிர எதுவும் கடிக்கவில்லை. பின்னால் கடலூர் மாமா உயிர் இறாலைக் கோத்துப் போட்டுப் போட்டுக் கிழங்கானாக இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மீன் விழும் சத்தத்துக்கும் அப்பாவின் தோள் லேசாகத் துள்ளியது. கடைசியில் என் பக்கம் சாய்ந்து, ஊருக்கே கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்.

"அந்தத் தம்பிகிட்ட எறா மிச்சம் இருக்கான்னு கேளு."

நான் திரும்பி, ஒரு கை தூரத்தில் இருந்தவரிடம், "எறா மிச்சம் இருக்கான்னு அப்பா கேக்குறாங்க" என்றேன்.

"நெறைய இருக்குன்னு சொல்லு பாப்பா. பெருசா பாத்து எடுத்துக்கச் சொல்லு."

"நெறைய இருக்காம்ப்பா. பெருசா எடுத்துக்கணுமாம்."

அன்று சாயங்காலம் முழுக்க இதே கதை. தோணியை இடப்பக்கம் ஒடிக்கச் சொல்லு. கெளை தலையில இடிக்கும், குனியச் சொல்லு. நான் சொல்லி முடிப்பதற்குள் கிளை இடித்துவிடும். மாமா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவிகூட ஆகாதவள், இங்கே நான் இல்லாமல் ஒரு துடுப்பு அசையாது!

இருட்டும் நேரத்தில் ஒரு மணல் திட்டில் இறங்கினோம். கடலூர் மாமா மூன்று கல் கூட்டிக் குழம்பு வைத்தார். வீட்டில் அத்தனை மாதம் வாடை பிடிக்காத மூக்கு எனக்கு. அந்த வாசனையில் அழுகையே வந்துவிட்டது. அவர் ஒரு தட்டில் சோறும் நடுத்துண்டும் வைத்து என்னிடம் தந்தார். நான் கொண்டுபோய் நீட்டினேன்.

"வீட்லேந்து கொண்டாந்த புளிச்சோறு இருக்குன்னு சொல்லு" என்றார் அப்பா.

கொடுவாவுக்காக உயிரை விட்டு வந்த மனிதர், குழம்புச் சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புளிச்சோற்றை மென்று மென்று விழுங்கினார். அழுத்தம் என்றால் அழுத்தம், அப்படி ஒரு அழுத்தம். அந்தத் தட்டை நான் காலி செய்தேன். மாமா ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய், கொஞ்சம் தாராள மனதோடு திரும்பி வந்தார்.

நிலா வெளிச்சத்தில் மறுபடி தூண்டில் போட்டார்கள். அப்பாவின் தூண்டிலில், கடலூர் மாமாவின் இறாலுக்கு, நிஜமாகவே முழங்கை நீளக் கொடுவா ஒன்று மாட்டியது. "புடி, புடி!" என்று அப்பா கத்தினார். யாரைப் பிடிக்கச் சொன்னார் என்பதை நான் கேட்டுச் சொல்வதற்குள் கடலூர் மாமா வாளியில் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நினைவில்லை. தோணியிலேயே தூங்கிவிட்டேன்.

யாரோ தூக்கிவந்து கிடத்தியிருந்த மணல் திட்டில், விடிந்ததும் அப்பா போட்ட கூச்சலில்தான் எழுந்தேன். தண்ணீரைக் காணோம். ராத்திரி தளும்பிக்கொண்டிருந்த வாய்க்கால் முழுக்கக் கறுப்புச் சேறு. தோணியின் மூக்கு மட்டும் கயிற்றில் மேலே தொங்கியது, பின்பக்கம் சேற்றில் புதைந்திருந்தது. வாளி சரிந்து கிடந்தது. கொடுவாவின் தலையை ஒரு நாரை நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது.

ராத்திரி தோணியைக் கட்டியவர் அப்பா. ஏரியில் கட்டுவதுபோல், காற்றுக்கு நகராமல் இருக்கட்டுமென்று கிளையோடு ஒட்டி, இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறார். போதாக்குறைக்கு அந்த மரத்தடியிலேயே தார்ப்பாயை விரித்து, முடிச்சைத் தலைமாட்டில் காவல் வைத்துப் படுத்துவிட்டார். ஏரி ஒரு ராத்திரியில் வற்றாது. கடலோடு சேர்ந்த தண்ணீர் ஏறும், இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் கைக்குத் தெரியவில்லை.

"வெயிலு ஏறுனப்புறம் தண்ணி திரும்பும் மச்சான். அதுவரைக்கும் எங்கயும் போக முடியாது" என்று மாமா எழுந்து சோம்பல் முறித்தார். அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

கடலூர் மாமா முட்டி வரை சேற்றில் நின்று, தோணியைச் சுற்றிக் கையால் வழித்துக்கொண்டிருந்தார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "தண்ணி வத்தும்னு அந்தத் தம்பிக்குத் தெரியாதாமா? கடலூர்க்காரர்தானே?"

நான் கேட்டேன். அவர் தலை நிமிராமல் பதில் சொன்னார். அதை நான் அப்படியே ஒப்பித்தேன்.

"தெரியுமாம்ப்பா. ராத்திரியே பாத்தாராம். அவுத்து ஆழத்துல கட்டலாம்னா கயிறு ஒங்க தலைமாட்டுல இருந்துச்சாம். மாமனார் தலைக்கு மேல எப்பிடிக் கைய நீட்டறதுன்னு இருந்துட்டாராம். மாமாவ எழுப்புனாராம், மாமா எழுந்திருக்கலியாம். என்னையும் எழுப்புனாராம், நானும் எழுந்திருக்கலியாம். வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலியாம்."

மாமா இருமவில்லை. அப்பா தன் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். தட்டிய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டா இருந்தாரு?"

நான் போய்க் கேட்டு வந்தேன். "ஆமாவாம். அக்காவுக்குக் கால் வீங்கியிருக்காம். போன் வந்தா எடுக்கணும்னு டவர் தேடிக்கிட்டு இருந்தாராம்."

"கால் வீக்கமா? எப்பேர்ந்து?"

இதை அப்பா என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நேராக அவரைப் பார்த்துக் கேட்டார். அவர் சட்டென்று நிமிர்ந்தார். என் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. நல்லவேளை, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எப்பேர்ந்துன்னு கேளு" என்றார்.

"போன வாரத்துலேந்தாம்."

அதன் பிறகு வெகுநேரம் யாரும் எனக்கு வேலை வைக்கவில்லை. வெயில் ஏறியது. மாமா தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வாயை மூடி நான் பார்த்த ஒரே காலைப்பொழுது அதுதான். வாய்க்காலின் அந்தக் கோடியில் தண்ணீர் மெல்ல மினுங்க ஆரம்பித்தது. அப்பா எழுந்து முடிச்சை அவிழ்க்கப் போனார். ஈரத்தில் ஊறியிருந்தது, அவிழவில்லை. முடிச்சைப் பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா. உங்கக்கா ரூம்ல ஃபேன் ஓடல. புள்ளத்தாச்சி, புழுக்கம் தாங்க மாட்டா. வெள்ளிக்கெழமைக்குள்ள வேற ஃபேன் மாட்டிடுறேன்னு அவருகிட்ட சொல்லு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது, தோணியைத் தள்ள வேண்டும், இந்த நேரத்தில் யாராவது எங்கள் வீட்டு ஃபேனைப் பற்றிப் பேசுவார்களா? இருந்தாலும் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவள் நான். திட்டின் ஓரத்துக்குப் போய் நின்று, ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

கடலூர் மாமா சேற்றுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. மாமா தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு, ஏனோ மூக்கைச் சிந்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா இன்னும் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"பதில் என்னன்னு சொல்லுங்க, நான் போய்ச் சொல்லணும்" என்றேன். பதில் வரவில்லை. காதில் சேறு போயிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அந்தக் காடே கேட்கும்படி இன்னொரு தடவை கத்தினேன்: "அக்கா ரூமுக்கு வேற ஃபேன் மாட்டுறாங்களாம்!"