தோளைத் தட்டும் கை

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களான நீங்கள் பலரும் என் மகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அவள் இதுவரை பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் என்னுடையது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அண்ணன் சேத்தியாத்தோப்புக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டு நெய்வேலிக்கு வந்தார். சுரங்கத்தில் பல வருடங்கள் கான்ட்ராக்ட், பிறகுதான் பர்மனென்ட். தங்கையான என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். தனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு கேமரா மட்டும். ஷிஃப்ட் இல்லாத நாளில் விருத்தாசலம் பக்கம் ரயில்களைப் படம் பிடிக்கப் போய்விடுவார். குவார்ட்டர்ஸ் சுவரில் சாமி படம் ஒன்று, மற்றதெல்லாம் எஞ்சின்.

"என்னிய ஒரு படமாவது எடுத்திருப்பாரா இந்த மனுசன்?" என்பார் அண்ணி.

"எந்த எஞ்சினும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்கிறதில்லையே" என்பார் அண்ணன்.

ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு, நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் மலை ரயிலில் எங்களை அழைத்துப் போனார். என் புதுச் சேலையெல்லாம் கரி. நான் திட்டத் திட்ட அண்ணனும் என் மகளும் சிரித்தார்கள். அதன் பிறகு படம் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவளும் உடன் போனாள். கல்லூரியில் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. நான் பயந்துகொண்டேதான் அனுப்புவேன். அண்ணன் அவளைப் பார்த்துக்கொள்வார் என்பது ஒன்றே தைரியம்.

சென்ற வருடம் பழைய நீராவி எஞ்சின் பூட்டிய சிறப்பு ரயில் ஒன்று விருத்தாசலம் வழியாகப் போனது. அதே ஞாயிறு மாலை, பண்ருட்டியிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் அண்ணன் வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"வெயில்ல நின்னு கறுத்துப் போய் வருவா. இன்னிக்கு வாணாம்ணே" என்றேன்.

"மதியத்துக்குள்ள வந்துடுவோம்மா. தாய்மாமன் நான் இல்லாம பொண்ணு பாத்துடுவாங்களா?"

"அம்மா, நான் போயே ஆவணும்" என்றாள் மகள்.

"போனா அப்படியே போயிடு. வூட்டுக்கு வராதே."

அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீ மூஞ்சிக்கு மஞ்ச பூசிக்கினு குந்து. படத்த எடுத்தாந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

அங்கே இரட்டைப் பாதை. நீராவி எஞ்சின் வரும் திசையையே அண்ணன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முதுகுப் பக்கமிருந்து, அவர் நின்றிருந்த மற்றப் பாதையில் சரக்கு ரயில் வந்தது. ஹாரன் விடாமல் அடித்ததாம். தூரத்து வயலில் களை எடுத்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

காரியத்தன்று நீங்கள் என் மகளிடம், "எப்பவும் மாமாவோட ஒட்டிக்கினு போவியே, அன்னிக்கு மட்டும் இன்னா வந்துது?" என்று கேட்டீர்கள். மூன்று மாதம் கழித்துத்தான் அவள் என்னிடம் வாய் திறந்தாள்.

"மாமாவுக்குக் காது கேக்காதும்மா. ரயில் வந்தா நான்தான் தோளத் தட்டுவேன். முன்னால வந்தா ஒரு தட்டு, பின்னால வந்தா ரெண்டு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எங்க ரெண்டு பேரையுமே அனுப்ப மாட்டே."

அனுப்பியிருக்க மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அண்ணனின் காது மெல்ல மெல்லப் போயிருக்கிறது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். போன் வந்தால் அண்ணியிடம் நீட்டுவார். சோம்பேறி என்று நாங்கள் கேலி செய்தோம். அவர் அவளைப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் நினைத்திருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் நிலக்கரி ரயிலின் ஹாரன் கேட்டால், சாப்பிடும்போதுகூட அவள் கை எழுகிறது. காற்றில் இரண்டு முறை அசைந்து இறங்குகிறது. நான் பார்க்காததுபோல் சோறு போடுகிறேன்.

அன்று தன் துண்டை எடுத்து அண்ணனைப் போர்த்திய பெயர் தெரியாத பெரியவருக்கும், வயலிலிருந்து ஓடி வந்த பெண்களுக்கும், பெண் பார்க்கக் கிளம்பி வந்து மருத்துவமனை வாசலில் எங்களோடு விடியும்வரை உட்கார்ந்திருந்த பண்ருட்டிக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

இன்று திதிக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் மகள்தான் இலை போடுவாள். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். அவளைப் போகவிடாமல் தடுத்தது நான். கேட்பதானால் என்னைக் கேளுங்கள்.