எர்த் வயரைக் கழற்றிவிட்ட மிஷின்

எமர்ஜென்சி முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். வேலை நேரம் போக எனக்கு ஒரே ஒரு கிறுக்குத்தான் உண்டு. பின்பால் மிஷின்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாய்வான மேஜை மாதிரி இருக்கும், மேலே கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக்குண்டு மேலே ஓடி, அங்கங்கே முட்டி மணியடித்துக்கொண்டே கீழே இறங்கும். பக்கவாட்டில் உள்ள பட்டனை அமுக்கினால் இரண்டு சின்னத் துடுப்புகள் அதை மறுபடி மேலே தட்டிவிடும். முட்டுகிற ஒவ்வொரு முட்டுக்கும் எண் சக்கரம் சுற்றும். எல்லாமே கரண்டில் இழுபடுகிற காயிலும் ரிலேயும்தான். உள்ளே திறந்து பார்த்தால் எங்கள் மில்லின் சுவிட்ச் போர்டை யாரோ விளையாட்டுப் புத்தியோடு செய்த மாதிரி இருக்கும். தூத்துக்குடியில் கப்பல் சாமான்களை வாங்கி விற்கிற பழைய கடைகளுக்கு எப்போதாவது ஒன்று வரும். அப்படி மூன்று மிஷின் சேர்த்திருந்தேன். அதுகளுக்கு இடம் விட்டு எங்கள் கட்டில் அடுக்களைப் பக்கம் போய்விட்டது. என் மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி அலுத்துவிட்டாள் என்பதுதான் சரி.

அந்தக் கடை ஒன்றில்தான் அவரைப் பார்த்தேன். விளாத்திகுளம் பக்கம் மிளகாய் பயிரிடுகிற சம்சாரி. என் வயதுதான். நான் பார்க்கப் போயிருந்த நாலாவது மிஷினை எனக்கு முன்னால் அவர் பேசி முடித்திருந்தார். சண்டைக்குப் போக வேண்டியவன், கடை வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அவரோடு மிஷினைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். என்னைப் போல் இன்னொரு கிறுக்கன் இந்தச் சீமையில் இருப்பான் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் தபால் கார்டிலேயே ஓடியது. உங்களுடையதில் மணி எத்தனை, சக்கரம் மூன்றா நான்கா, துடுப்பு எந்த அளவு என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டோம். என்னிடம் கடைசியாக வந்ததும் அவருடையதும் ஒரே கம்பெனி. ஆனால் சின்னச் சின்ன வித்தியாசம் நிறைய இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. மழைக்கு முன்னால் நிலம் சும்மா கிடக்கிற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

இதற்கு மேல்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

என் மிஷினின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் வயரைச் சேர்த்துப் பார்த்தேன். சேர்த்த உடனே பியூஸ் போனது. மறுபடி சேர்த்தேன், மறுபடியும் போனது. மில்லில் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார், உள்ளே எங்கோ கரண்ட் பாடியில் பிடிக்கிறது என்று. அவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் அதைத் தேட மிஷினை முழுக்கப் பிரிக்க வேண்டும். ரிலேக்களை எல்லாம் அப்போதுதான் ஒரு மாதம் உட்கார்ந்து சரிசெய்து முடித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. எர்த் வயரைக் கழற்றிவிட்டேன். நான் நிற்கிற இடத்தில் ஒரு மரப்பலகையைப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சுருக்கென்று இல்லை.

அவர் மிஷினைச் சாக்குகளில் சுற்றி, ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். கூட அவர் மனைவியும் வந்திருந்தார். அடுத்தவர் பொருள் என்பதால் அவர் மிஷினுக்கு நானே எர்த் கொடுத்து, இரண்டு தடவை சோதித்துப் பார்த்தேன். அந்தக் கவனம்தான் அவருக்கு எமனாக வரப் பார்த்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தோம். என் மிஷினை நான் ஓட்டினேன், அவருடையதை அவர் ஓட்டினார். அவருடையதில் மணிச் சத்தம் கணீரென்று இருந்தது. என்னுடையதில் துடுப்புக்கு வேகம் அதிகம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினோம். பெண்கள் இரண்டு பேரும் வாசல் பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பலகையை விட்டு இறங்கி நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுபோல அதிருதான்னு கைய வச்சுப் பாக்கட்டுமா அண்ணாச்சி?"

நோட்டில் கவனமாக இருந்த நான் 'ம்' என்றேன். இடது கை என் மிஷினில், வலது கை அவர் மிஷினில். என் சட்டத்தில் நின்ற கரண்டுக்கு, எர்த் கொடுத்த அவர் மிஷினுக்குப் போக அவர் உடம்பே வழியானது.

சத்தம் எதுவும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு விநாடி, சிரிக்கிறார் என்றே நினைத்தேன். பிறகுதான் கழுத்து நரம்பு தெரிந்தது. மெயின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால், ஏழெட்டு அடி தூரம். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று மில்லில் நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்குக் கால் நகரவில்லை.

அவர் மனைவிதான் ஓடிவந்தார். அவரைத் தொடவில்லை. கீழே கிடந்த சாக்கை எடுத்துப் புருஷன் இடுப்பில் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். அவர்கள் ஊரில் பம்பு செட் மோட்டாரில் ஒருவர் மாட்டி, அவரைத் தொட்டுத் தூக்கப்போன தம்பியும் செத்துப்போனதை அந்த அம்மா பார்த்திருக்கிறாராம். பிறகுதான் சொன்னார். அவர்கள் விழுந்த பிறகுதான் நான் போய் மெயினை அணைத்தேன்.

உயிர் தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஈரத்தோடு தொட்டுவிட்டேன், என் தப்புதான் என்று அவரே சொன்னார். "சின்னப் பிள்ளைக்குத் தெரியுற விஷயம் ஒங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்று அவர் மனைவி அழுதுகொண்டே அவரை ஏசினார். நான் சுவரோரமாக நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரியே என் மிஷினைப் பிரித்தேன். காசு போடுகிற கதவின் கீலுக்கு அடியில் வயர் நசுங்கி அரை அங்குலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. கொஞ்சம் டேப் சுற்றியிருந்தால் போதும். சுற்றிவிட்டு எர்த் வயரையும் சேர்த்தேன்.

நாளைக்கு எழுதலாம், அடுத்த வாரம் நேரில் போய்ச் சொல்லலாம் என்று நாள் போனது. மில்லில் எல்லோரும், வீட்டுக்கு வந்தவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். ஒன்றரை மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இடது கையால் எழுதியிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. என்னால் உங்கள் மிஷினுக்கு ஏதும் கோளாறு ஆகியிருந்தால் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். விதைப்பு நேரம். முதல் மழை பெய்து கரிசல் மண் காலில் அப்பியது. அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி விதை தூவிக்கொண்டு போக, பின்னால் கூலிக்கு வந்த ஒருவர் உழுதுகொண்டிருந்தார். விதைக்கிற கையே மடங்கவில்லை என்று அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கென்று இருந்ததை, பியூஸ் போனதை, எர்த்தைக் கழற்றியதை, பலகை போட்டதை. அவர் மனைவியும் விதைப் பெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றார் அவர் மனைவி. "இவியள இழுத்துப் போட்டுட்டு எந்திரிக்கும்போதே பாத்தேன். ஒரு மிஷினுக்கு மட்டும் என்னத்துக்குப் பலகைன்னு. இவியட்ட சொல்லல. இந்த மிஷினப் பத்திப் பேச இவியளுக்கு ஒங்கள விட்டா வேற ஆளு கெடையாது."

அவர் தன் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"பலகைய எனக்கும் ஒண்ணு போட்டிருக்கலாமே அண்ணாச்சி?"

இரண்டு கையாலும் இரண்டு மிஷினைத் தொட்டவரைப் பலகை காப்பாற்றியிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது கரண்டைப் பற்றி இல்லை. எனக்கு ஆபத்து என்று தெரிந்த இடத்தில் அவரைப் பற்றி நினைக்காமல் இருந்துவிட்டேன். அதைத்தான் கேட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து கார்டு வரவில்லை. நானும் எழுதத் துணியவில்லை. மிளகாய் பறித்து முடிந்து, பங்குனியில் ஒருநாள் அவரே கோவில்பட்டிக்கு வந்தார். அவருடைய மிஷின் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அன்றைக்குப் பாதியில் விட்டதைப் பார்த்து முடிக்கலாம் என்றார்.

இரண்டு மிஷினையும் ஓடவிட்டேன். அவர் கிட்ட வரவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுந்தரையில் நின்று இரண்டிலும் ஒவ்வொரு கையை வைத்தேன். அவர் போதும் என்று சொல்லும்வரை எடுக்கவில்லை. பிறகு அவர் வந்து கையை வைத்தார். மடங்காத விரல்கள் இரண்டும் சட்டத்தின் மேல் நீட்டியபடி இருந்தன. கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, தன் மிஷின்தான் அதிகம் அதிருகிறது என்றார். நோட்டில் எழுதினேன்.

கடைசிவரை நாங்கள் சிநேகிதமாகத்தான் இருந்தோம். ஆனால் அந்த விரல்கள் கடைசிவரை குணமாகவில்லை. வயரைக் கவனிக்காமல் விட்டது நாலு நாள் சோம்பல், அதை எப்படியோ எனக்கு நானே மன்னித்துக்கொண்டேன். தப்பே செய்யாத மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சுவரோரம் நின்ற என்னை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.