கால் தெரியாத போட்டோ

உழைக்க முடியாதவருக்கு உதவித்தொகை கேட்டு மனு எழுதி, அதில் அவர் உழைத்துக்கொண்டிருக்கும் போட்டோவை ஒட்டி அனுப்பிய ஆள் ஆரணி தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தாலுகா ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து இருபது வருஷமாக மனு எழுதுகிறேன். நாலு புத்தகம் படித்த தலைக்கனம் வேறு.

ஏகாம்பரம் பட்டு நெசவாளி. போளூர் ரோட்டில் மொபெட்டோடு விழுந்ததில் இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. டாக்டர் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் தயார். உதவித்தொகை வந்தால்தான் மாத்திரை விட்டுப்போகாமல் வாங்க முடியும். போட்டோ ஒன்றுதான் பாக்கி. செல்போனோடு வீட்டுக்கே போனேன்.

கட்டிலில் படுத்திருந்தவர், "இப்டி எடுக்காதீங்க ரைட்டரே. தறியில உக்காந்துக்கறேன். போட்டோன்னா ஒரு மரியாதி வேணாமா?" என்றார்.

எனக்குள் இருந்த கலைஞன் உடனே ஒப்புக்கொண்டான். மனைவி சரசா அவரைத் தூக்கி உட்காரவைத்தார். குழித்தறியில் உட்கார்ந்தால் கால்கள் பள்ளத்துக்குள் போய்விடும். நிமிர்ந்த மார்பு, நாடாவை ஓட்டும் கயிற்றைப் பிடித்த கை, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சிரிப்பு. பிரமாதமான படம். எதற்காக மனுவோ, அதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

ஒரு வாரத்தில் கிளார்க் கூப்பிட்டார். "இன்னா ரைட்டரே, ஜவுளிக்கடை விளம்பரத்த இங்க அனுப்பிட்டியா? ஆளு ஜோரா நெய்துகினு இருக்காரு. வேலை செய்ய முடியாதுன்னு எழுதிக்கிற! வி.ஏ.ஓ. நேர்ல பாத்து எழுதட்டும். இல்லன்னா மனு தள்ளுபடிதான்."

ஏகாம்பரத்திடம் ஓடினேன். "வி.ஏ.ஓ. அம்மா வர்றப்ப கட்டில்லயே இருங்க. தறி பக்கமே போவாதீங்க."

"ஆபீசர் வர்றப்ப படுத்துகினு இருக்கறதா? இன்னாங்க நீங்க!"

மறுநாள் வி.ஏ.ஓ. அம்மாவோடு போனால், மனிதர் இஸ்திரி போட்ட சட்டையில் தறிக்குழிக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

"நெய்வீங்களா?" என்றார் அந்த அம்மா.

"நெய்வேங்க மேடம்."

"எங்க, நெய்யுங்க பாக்கலாம்."

கயிற்றை இழுத்தார். குழிக்குள் இருக்கும் மிதியைக் காலால் அழுத்தினால்தானே பாவு இழை மேலும் கீழுமாகப் பிரியும்? பிரியவில்லை. இழைகளுக்கு நடுவே ஓடவேண்டிய நாடா ஓரத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னா ஆச்சு?"

"காலு ரேஷன் கடைக்குப் போயிருக்குதுங்க மேடம். ஜல்தியா வந்துடும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் சரசா அரிசிப் பையோடு வந்தார். பையை வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மிதியை அழுத்தினார். அவர் கயிற்றை இழுத்தார். தறி ஓடியது. வி.ஏ.ஓ. செல்போன் டார்ச்சை அடித்துக் குழிக்குள் குனிந்து பார்த்தார். இரண்டு கால் மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இத எடுத்து அனுப்பறதுக்கு இன்னாய்யா உனுக்கு?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார்.

மனு எழுதுகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போட்டோ அழகாக இருக்க வேண்டாம், உள்ளதைக் காட்டினால் போதும்.

உதவித்தொகை உத்தரவு வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நன்றியை எதிர்பார்த்து நின்றுகொண்டும் இருந்தேன். சரசா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடாத காலுக்கு மாசாமாசம் பணம் வருது, நல்லதுதான். ரெண்டு பேருக்கும் சேத்து மிதிக்கிற காலுக்கு எந்த ஃபாரம் ரைட்டரே? அதுக்காச்சும் வேற ஆளு எழுதட்டும்."