பசை போன தபால்தலைகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதத்தில், திருவொற்றியூருக்கு வடக்கே எர்ணாவூரில் உள்ள என் வீட்டில் நடந்தது இது. இடைவிடாமல் பெய்த மழையில், விடிவதற்குள் வீட்டினுள் முழங்காலளவு தண்ணீர் புகுந்துவிட்டது. வெறும் மழைநீராக இருந்திருந்தால் வடிந்ததும் துடைத்திருப்போம். கால்வாய் வழியே எங்கிருந்தோ கலந்த கறுப்பு எண்ணெயும் சேர்ந்து வந்தது. சுவர், கட்டில் கால், வாசற்படி, எதைத் தொட்டாலும் பிசுபிசுப்பு.

கல்லூரிக் காலத்திலிருந்து தபால்தலை சேகரிப்பவன் நான். உறையிலிருந்து கிழித்து நோட்டில் ஒட்டுகிற வகையைச் சேர்ந்தவன் அல்லன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வெளியாகும் நாளிலேயே தபால் நிலையத்தில் வாங்கி, விரல் படாமல் இடுக்கியால் எடுத்து, பின்புறப் பசை சற்றும் குலையாமல் ஆல்பத்தில் வைப்பேன். முன்பக்கத்துப் படத்தை யாரும் ரசிக்கலாம். பசையைப் பார்க்கத்தான் பயிற்சி வேண்டும்; தபால்தலை புத்தம்புதிது என்பதற்கு அதுதான் சாட்சி. மாநில அளவிலான கண்காட்சி ஒன்றில் அந்தத் தொகுப்புக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

எங்களுக்கென்று ஒரு சிறு சங்கம் உண்டு. ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில், ஓர் இரும்புக்கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; எல்லாருக்கும் அண்ணாச்சி. முத்திரை குத்தப்பட்ட தபால்தலைகளை மட்டுமே அவர் சேர்ப்பார். எந்த ஊர், எந்தத் தேதி, வட்டம் முழுதாக விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். மூடப்படவிருந்த ஒரு கிராமத் தபால் நிலையத்தின் கடைசி நாள் முத்திரைக்காக, கடையைப் பூட்டிவிட்டு ராமநாதபுரம் வரை போய் வந்தவர். என் ஆல்பத்தைக் காட்டினால், "எல்லாம் படிச்சிட்டு வேலைக்கே போகாத பிள்ளைக சார். ஒரு ஊரைக்கூடப் பார்த்ததில்ல" என்பார். "உங்களுடையவை உடம்பெல்லாம் சூடு வாங்கியவை" என்று நானும் விடாமல் சொல்வேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் உண்டு; எங்களுக்கு டீச்சர். அவருக்குப் பறவைகள் மட்டும். அலகின் மேல் முத்திரை மை விழுந்திருந்தால் அந்தத் தபால்தலை அவருக்கு ஆகாது. எங்கள் செயலருக்கோ பதக்கங்களின் மேல்தான் கண். இத்தனை பேரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தாலும், மற்றவர் செய்வதை உண்மையான சேகரிப்பு என்று எவரும் ஒப்புக்கொண்டதில்லை.

வெள்ளத்துக்கு வருகிறேன். கனமானவை என்பதால் ஆல்பங்களை பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது ஒவ்வொன்றும் ஊறிய செங்கலாக இருந்தது. பசை கரைந்து, தபால்தலைகள் தாளோடும் ஒன்றோடொன்றும் ஒட்டிக்கிடந்தன. நான் எவரிடமும் சொல்லவில்லை. அவருடைய தொகுப்பு போயிற்றாம் என்று என்னைப் பற்றிப் பிறர் பேசுவதை நான் விரும்பவில்லை. ஞாயிறு கூட்டத்துக்குப் போகாமல், வீட்டைச் சுத்தம் செய்வதாக அண்ணாச்சியிடம் தொலைபேசியில் சொல்லி முடித்துக்கொண்டேன்.

அன்று மதியமே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அண்ணாச்சியும் டீச்சரும் தண்ணீர் கேன்களோடும், ஒரு கட்டு வெள்ளைத்தாளோடும் இறங்கினார்கள். அண்ணாச்சி வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஆல்பம் எங்க சார்?"

பத்திரமாக இருக்கிறது என்றேன். என் மனைவி குறுக்கிட்டாள். "எங்க பத்திரமா இருக்கு? ரெண்டு நாளா பிரிக்கவும் விடல, தூக்கிப் போடவும் விடல."

அண்ணாச்சி ஒன்றைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "இன்னைக்கே தண்ணியில போட்டுப் பிரிக்கணும். நாளைக்குப் பூஞ்சை பிடிச்சிரும்."

"மிச்சமிருக்கும் பசையும் போய்விடுமே."

"போகத்தான் செய்யும்."

"பசை போன பிறகு அது என்ன அண்ணாச்சி?"

அவர் ஆல்பத்தின் ஊறிய விளிம்பைத் தடவினார். டீச்சர்தான், "அப்பவும் அதுல கொக்கு கொக்காத்தான் சார் இருக்கும்" என்றார்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஒட்டிக்கிடக்கும்வரையில், உள்ளே ஏதோ ஒரு பக்கத்தில் சில தபால்தலைகளாவது பழுதின்றி இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். தண்ணீரில் போட்டால் அந்த நம்பிக்கைக்கும் இடமில்லை. போடாவிட்டால் தபால்தலைகளே இல்லை. அண்ணாச்சி ஆல்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "உங்க பொருள் சார். நீங்க சொல்லாம நான் தொடமாட்டேன்."

ஆல்பத்தை அவர் பக்கம் நகர்த்தி, தலையை அசைத்தேன்.

மொட்டைமாடியில் என் மனைவி அண்டாவில் பிடித்து வைத்திருந்த மழைநீர் இருந்தது. தாம்பாளங்களில் ஊற்றி, பக்கம் பக்கமாக வெட்டி மிதக்கவிட்டோம். சிறிது நேரத்தில் பசை வெண்மையாகக் கசிந்து நீரில் கலந்தது. அத்தனை ஆண்டுகள் மூச்சுக்காற்றுகூடப் படாமல் காத்தது கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய்க் கைப்பிடிச்சுவரோரம் நின்றுகொண்டேன். அண்ணாச்சி முழங்காலிட்டு அமர்ந்து, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி எடுத்து, வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஏறிவிடும் என்று என் மனைவியிடம் சொல்வது கேட்டது.

பக்கத்து மாடியில் மீனவக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் நனைந்த பாய்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், ஊரே வூட்டைக் கழுவிகினு கீது, நீங்க காயிதத்தைக் குளிப்பாட்டிகினு கீறீங்க?"

"அதுக்கும் எண்ணெய் பட்டுடுச்சும்மா" என்றார் டீச்சர்.

கடற்காற்று எழுந்ததும் அடுத்த தொல்லை தொடங்கியது. காயத் தொடங்கிய தபால்தலைகள் பறக்க ஆரம்பித்தன. நாங்கள் நால்வரும், வயதுக்குப் பொருந்தாத விதத்தில், மாடி முழுவதும் குனிந்து குனிந்து ஓடினோம். சிறிது நேரம் வேடிக்கை பார்த்த அந்தப் பெண்மணி உள்ளே போய், கருவாட்டைக் காக்கை கொத்தாமலிருக்க மேலே விரிக்கிற வலையைக் கொண்டுவந்து நீட்டினார். நான் தயங்குவதைக் கண்டுகொண்டார்.

"தோச்ச வலைதான் சார், வாசனை வராது. வந்தாலும் இந்த எண்ணெ நாத்தத்துக்கு அது மேலு."

வலையை விரித்து ஓரங்களில் செங்கல் வைத்தோம். மறுநாளும் அண்ணாச்சி கடையைத் திறக்கவில்லை, காலையிலேயே வந்துவிட்டார். பாதிக்கு மேல் தேறின. எண்ணெய்க் கறை ஏறியவற்றையும் அவர் எறியவிடவில்லை. தனியே ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம், என் மனைவி மூலம் விஷயம் அறிந்து, செயலர் தொலைபேசியில் அழைத்தார். வெளியூரில் ஒருவர் பழைய தபால்தலைகளுக்குப் புதிதாகப் பசை பூசித் தருகிறாராம். நடுவர்களாலும் கண்டுபிடிக்க முடியாதாம். பதக்கம் வாங்கிய தொகுப்பு வீணாகக் கூடாது என்ற அக்கறையில்தான் அவர் சொன்னார். அந்த யோசனை என்னைத் தொடவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. என் பெயர் அப்படியே நின்றிருக்கும்; நடுவர்கள் எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மாடியில் முழங்காலிட்டவருக்குத் தெரியும். அவர் ஒருபோதும் வாய்திறக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் என்னால் முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் தபால்தலைகளை மேசைமேல் பின்புறம் தெரியும்படி வரிசையாக வைத்தேன். "இவை தண்ணீரில் கழுவப்பட்டவை. இனிப் போட்டிக்கு அனுப்பமாட்டேன்" என்று நானே சொன்னேன். பிறகு டீச்சர் தம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சியிடம், உங்களுக்குப் பிடித்த ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மரியாதைக்காக ஒருமுறை பார்வையை ஓட்டினார்.

"எனக்கு எதுக்கு சார்? ஒண்ணுலயும் முத்திரை இல்லையே."

அவமதிப்பாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். இலவசமாகக் கொடுத்தாலும் தமக்கு வேண்டாத ஒன்றுக்காக, அது எனக்கு வேண்டியது என்ற ஒரே காரணத்தால், எண்ணெய் படிந்த தெருவைக் கடந்து வந்து இரண்டு நாள் முழங்காலிட்டிருந்த மனிதர் அவர். பிறர் பெரிதாக மதிக்கும் எதையேனும் அற்பம் என்று சொல்ல என் நாக்கு எழும்போதெல்லாம், இன்றும் அவர் முகம் முன்னால் வந்து நிற்கிறது.